ஒரே ரத்தம், இரண்டு சட்டை

போன வாரம் இளையவரை எங்கே விட்டுவிட்டு வந்தோம்? தையல் மெஷின் முன்னால், கன்னத்தில் கை, கண் ஜன்னலுக்கு வெளியே. இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வாரமாக ஒரே திரைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருக்கிற மனுஷனை என்னவென்று சொல்வது?

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவர்கள் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்த அண்ணன் தம்பி. நடுவில் கால் மணி நேரம்தான் வித்தியாசம். மூத்தவர் அதட்டுகிற அதட்டலைக் கேட்டால் கால் நூற்றாண்டு என்று நினைத்துக்கொள்வீர்கள். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கீழ் வீட்டில் மனைவி, மகளோடு இருக்கிறார். இளையவர் ஜன்னல் திரை தைக்கிறவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மாடியில் தானே பொங்கி, தானே தின்று, தானே பாத்திரம் கழுவுகிற தனிக்காட்டு ராஜா.

இரண்டு பேருக்கும் இதயம் மக்கர் பண்ணிவிட்டது. முதலில் தம்பிக்கு மாரடைப்பு வந்தது. மறு வருஷமே அண்ணனுக்கு வந்தது. "இதுலகூடவா போட்டி?" என்று அண்ணி ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டே கேட்டார்.

மூத்தவரின் மகளை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பதை நெருங்கிவிட்டாள், இன்னும் பாப்பாதான். பெரிய ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர். அங்கே ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. இதய நோய் வந்தவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், அவர்கள் உடம்பில் இருக்கிற உயிரணுக்கள் எவ்வளவு சீக்கிரம் கிழடு தட்டுகின்றன, இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்கிறார்கள். இரட்டையர், இருவருக்கும் இதய நோய், சாப்பாட்டுத் தட்டு மட்டும் வேறு வேறு என்று கேட்டதும் பெரிய டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாராம்.

அங்கேதான் வந்தது வினை. ரத்தம் கொடுக்கிற நாளில் மூத்தவர் மாடிக்கு ஆள் அனுப்பித் தம்பியைத் தனியாக வரவழைத்தார். "எனக்கு ஊசின்னா ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா? எனக்குப் பதிலா நீ போயிட்டு வாடா. ஒரே முகம், ஒரே ரத்தம். எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

பள்ளிக்கூடத்தில் அண்ணனுக்காக வாய்ப்பாடு ஒப்பித்தவர் இளையவர். அண்ணனுக்காக அடியும் வாங்கியவர். அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்க் கையை நீட்டினார். அடுத்த வாரம் தன் சட்டையைப் போட்டுக்கொண்டு போய், தன் பேரில் மறுபடி நீட்டினார். பாப்பா அந்தச் சமயம் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தாள். ஆக, ஆராய்ச்சியில் இருக்கிற இரட்டையர் இருவருமே இளையவர்தான். இது உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும், நம்மையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் பேருக்கு.

இன்று பாப்பாவுக்கு விடுமுறை. பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் கீழே கூடவேண்டும், ஒரு நல்ல சேதி வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தாள். நல்ல சேதி என்றதிலிருந்து இளையவருக்குத் தையலில் கை ஓடவில்லை.

மாத்திரை போட்டுக்கொண்ட பிறகு முற்பகல் முழுக்க அவருக்கு லேசாக மிதப்பது போல இருக்கும். அந்த நேரத்தில் அவர் அறையும் அதற்கு ஒத்து ஊதும். மூன்று பக்கமும் தைத்து முடித்த திரைகள் தொங்குகின்றன. வெயில் அவற்றின் வழியாக வடிந்து வந்து தரையில் ஒரு பக்கம் இளம்பச்சையாகவும் இன்னொரு பக்கம் சாம்பல் கலந்த நீலமாகவும் கிடக்கிறது. காற்று வந்தால் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பார்த்துவிட்டுத் திரும்புகின்றன. இளையவரின் கால் அந்தப் பச்சையில் நனைந்து கிடந்தது.

திரையை இழுப்பதற்கு நைலான் கயிறு உண்டு அல்லவா, அதை வெட்டினால் நுனி பிரிய ஆரம்பித்துவிடும். லைட்டரைக் காட்டினால் உருகி ஒரு சின்ன மொட்டாக இறுகிக்கொள்ளும். பிறகு பிரியாது. முதல் தடவை பாப்பா ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்ல வந்தபோது அந்த மொட்டைத்தான் தொட்டுக் காட்டினாள்.

"நம்ம உயிரணு ஒவ்வொண்ணுக்குள்ளயும் இதே மாதிரி கயிறு இருக்கு சித்தப்பா. அதோட நுனியிலயும் இப்படி ஒரு மூடி. உயிரணு ரெண்டாப் பிரியும்போதெல்லாம் அந்த மூடி கொஞ்சம் கொஞ்சமாத் தேயும். ரொம்பத் தேஞ்சுதுன்னா அந்த உயிரணு 'போதும்டா சாமி'ன்னு உட்கார்ந்துடும். நல்லாச் சாப்பிடறவங்களுக்கு அது மெதுவாத் தேயுதான்னு பார்க்கறோம். கீரை, பருப்பு, பழம், மீன், தவிடு எடுக்காத தானியம்."

"அப்போ கேக் சாப்பிட்டா?"

"அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்துடாதீங்க" என்று அவள் சிரித்தாள்.

அன்று முதல் இளையவருக்குக் கண்ணை மூடினால் போதும், தனக்குள்ளேயே போய்விடுவார். பெரிய மண்டபம். எல்லை தெரியாமல் திரைகள் தொங்கும். ஒவ்வொரு திரைக்கும் ஒரு கயிறு, ஒவ்வொரு கயிறுக்கும் நுனியில் ஒரு மொட்டு. வெறுங்காலோடு அவர் நடப்பார். தேய்ந்த மொட்டுகளைத் தடவிக்கொடுப்பார். அந்த மண்டபத்தில் வெயில் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் தெரிந்ததில்லை.

இன்று அந்த மண்டபத்தில் அண்ணனுடைய கயிறுகளைத் தேடினார். அண்ணன் பேர் மாட்டியிருந்த பக்கத்திலும் தன்னுடையதே தொங்கியது. தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தன்னுடையதேதான். அப்படியானால் அண்ணனுடையது எங்கே போயிற்று?

"தம்பி! சாப்பிட வாங்க!" என்று கீழேயிருந்து அண்ணி குரல் கொடுத்தார். திடுக்கிட்டு எழுந்தவர் லைட்டரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

கீழே மேஜை நிறைய பாத்திரங்கள். அவித்த பருப்பு, எண்ணெய் பட்டும் படாமலும் வாட்டிய மீன், கீரை, நறுக்கிய பழங்கள், கறுத்த ரொட்டி. ஒரு வருஷமாக அண்ணி இப்படித்தான் சமைக்கிறார். முன்பெல்லாம் எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கவே மாட்டார். ருசிக்குப் பேர்போன கை. அந்தக் கையைக் கட்டிப்போட்டுக்கொண்டு, உப்பைச் சிட்டிகையாகக் கிள்ளிப் போட்டு, யார் என்ன கேலி பண்ணினாலும் காதில் போட்டுக்கொள்ளாமல் நின்றார். புருஷன் உயிரோடு இருக்கவேண்டும் என்கிற ஒரே பிடிவாதம்.

மூத்தவர் ஏற்கெனவே மேஜையின் தலைப்பக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தம்பியைப் பார்த்ததும் கண்ணடித்தார்.

"வாடா கனவு மன்னா. லைட்டரை வேற எடுத்துட்டு வந்திருக்கான் பாரு, மேஜையைக் கொளுத்தறதுக்கு."

பாப்பாவுக்குத் தட்டில் கை போகவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. "முதல்ல சொல்லிடறேன். அப்பா, சித்தப்பா, ரெண்டு பேருக்கும் அளவு வந்துடுச்சு. ரெண்டு பேர் மூடியும் கிட்டத்தட்ட ஒரே நீளம். அதுவும் இந்த வயசுக்கு, இதய நோய் வந்தவங்களுக்கு, நல்ல நீளம்!"

"பார்த்தியா!" என்றார் மூத்தவர்.

"ஒருத்தர் ரெண்டு பேர் அளவை வச்சு எதையும் அடிச்சுச் சொல்லக்கூடாதுன்னு பெரிய டாக்டர் சொல்வார். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தாத்தான் தெரியும். ஆனா எனக்குத் தெரியும்." பாப்பா எழுந்து போய் அண்ணியைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். "அம்மா, உன் சமையல்தான். நீ ஜெயிச்சுட்ட. அப்பாவோட சர்க்கரைகூட எவ்வளவு இறங்கியிருக்கு தெரியுமா? பெரிய டாக்டர் நாளைக்கு வரச் சொல்லியிருக்கார், மாத்திரையைக் குறைச்சுடலாம்னு."

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நிஜமாவாடி?" என்று கேட்டார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை இளையவர் பல வருஷமாகப் பார்த்ததில்லை.

இத்தோடு மூத்தவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருப்பாரா? மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"சமையலா? உங்கம்மா சமையலா? அடிப்பாவி, நான் இத்தனை நாளா கார்ல என்ன சாப்பிட்டேன்னு கேளு! காலையில க்ரீம் பன். பதினோரு மணிக்குப் பொரிச்ச கோழி. சாயந்திரம் வறுத்த உருளைக்கிழங்கு, ஒரு பெரிய பாட்டில் சோடா. கத்துக்க வர்றவங்க வாங்கிட்டு வர்ற கேக் வேற. வீட்டுல இந்தப் புல்லையெல்லாம் மரியாதைக்குக் கொறிச்சேன்!"

பாப்பாவின் கை அம்மாவின் தோளிலிருந்து நழுவியது. "போன்ல எங்க ஆளுங்க கேட்டப்போ, அம்மா சமைக்கிறதை மட்டும்தான் சாப்பிடறேன்னு சொன்னீங்களே அப்பா?"

"சொன்னேன். யாரு இல்லேன்னா? இவன் மாடியில தவசி மாதிரி பச்சை இலையா மேயறான். நான் ராஜா மாதிரி சாப்பிட்டேன். கடைசியில ரெண்டு பேருக்கும் ஒரே நீளம்! இதுலேர்ந்து என்ன தெரியுது? சாப்பாட்டுல ஒண்ணும் இல்லேன்னு தெரியுது. நாளையிலேர்ந்து இந்த வீட்டுல எண்ணெய்ச் சட்டி ஏறட்டும். மாத்திரையும் குறையப்போகுது. போதும்மா உன் பத்தியம்."

அண்ணி கீரைக் கிண்ணத்தை எடுத்து மூடினார். மீனை மூடினார். ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

இளையவருக்கு அந்த மூடிகளின் சத்தம் எங்கோ தண்ணீருக்கு அடியில் கேட்பது போலக் கேட்டது. அண்ணன் சொல்வதெல்லாம் தன் ரத்தத்தை வைத்துக்கொண்டு. நாளைக்குக் குறையப்போகிற மாத்திரையும் தன் ரத்தத்தைப் பார்த்துக் குறையப்போகிறது. தான் மாடியில் தின்ற கீரையை நம்பி, அண்ணன் பாட்டுக்குக் காரில் உட்கார்ந்துகொண்டு சாகப்போகிறான். சொன்னால் பாப்பாவின் ஆராய்ச்சி நாறிப்போகும். அவள் வேலைக்கே வேட்டு வைத்த மாதிரி. சொல்லாவிட்டால்?

"அது நான்" என்றார்.

யாரும் திரும்பவில்லை. இளையவர் பேசினால் எப்போதும் பாதி உலகத்துக்குக் கேட்காது.

"பாப்பா, அது நான்மா. ரெண்டும் என் ரத்தம். உங்கப்பா வரலை. அண்ணன் சட்டையைப் போட்டுட்டு நான்தான் வந்தேன். அடுத்த வாரமும் நான்தான் வந்தேன்."

மூத்தவர் ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. "ஆரம்பிச்சுட்டான்யா! போன மாசம் அடுப்பை அணைச்சேனா, கனவு கண்டேனான்னு ராத்திரி வந்து கதவைத் தட்டினவன் இவன். எதோ தூக்கத்துல பார்த்திருக்கான். சாப்பிடுடா பேசாம."

"கனவில்லை அண்ணா."

"அப்புறம் என்ன சாட்சியா வச்சிருக்க?"

பாப்பா சித்தப்பாவையே பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. "சர்க்கரை" என்றாள் மெதுவாக. "அப்பாவுக்குத்தான் சர்க்கரை உண்டு. சித்தப்பாவுக்குக் கிடையாது. அந்த ரத்தத்துல சுத்தமா சர்க்கரை வியாதிக்கு அடையாளமே இல்லை. தினமும் கேக்கும் சோடாவும் சாப்பிட்டவருக்கு எப்படி இறங்கும்? ஐயோ, நான் எவ்வளவு முட்டாள். அம்மா சமையல்னு சந்தோஷத்துல யோசிக்கவே இல்லையே!"

அண்ணி புருஷனைத் திரும்பிப் பார்த்தார். "ஏங்க, ஊசிக்குப் பயந்துதானே?" என்று கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. "இவ பொறந்தப்போ எனக்கு ஊசி போட்டதைப் பார்த்தே மயக்கம் போட்டு விழுந்தவர்தானே நீங்க. என்கிட்ட சொல்லியிருந்தா நான் கையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்க மாட்டேனா?"

மூத்தவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். தம்பியை ஒரு முறை முறைத்தார். வாசலைப் பார்க்க நடந்தார். கதவு அறைந்து சாத்தும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அது சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. மூத்தவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிற ஜாதி இல்லை. அந்தச் சத்தமின்மைதான் இளையவரை எழுப்பி அனுப்பியது.

வீட்டு வாசலில் மர நிழலில் பயிற்சிக் கார் நின்றது. மூத்தவர் உள்ளே உட்கார்ந்திருந்தார், கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டுக்கொண்டு. இளையவர் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். உள்ளே பழைய எண்ணெயும் சர்க்கரையும் கலந்த வாசனை. கண்ணாடிக்கு வெளியே இலைகளின் நிழல் நீந்தியது. தெரு வெயிலில் தூங்கிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் இரண்டு பேரும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறபோது இப்படித்தான் வெளியுலகம் தூரத்தில் எங்கேயோ நடக்கும்.

"திட்டணும்னா திட்டிடு" என்றார் இளையவர்.

"ஊசிக்குப் பயந்தேன்னு நீயும் நம்பிட்டியாடா?"

"பின்னே?"

மூத்தவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், வண்டி ஓடிக்கொண்டிருப்பது போல. "அன்னிக்கு நான் போனேன். உன்கிட்ட ஆள் அனுப்பறதுக்கு முன்னாடியே போனேன். ஆஸ்பத்திரி வாசல்ல படி இருக்கு பாரு. பாதி ஏறலை. நெஞ்சு மேல எவனோ முட்டி போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு. கைப்பிடியைப் பிடிச்சுட்டு நின்னேன். ஒரு பொம்பளை 'என்னங்க ஆச்சு'ன்னு கேட்டா. 'ஒண்ணும் இல்லைம்மா, என் தம்பிக்காகக் காத்திருக்கேன்'னேன்."

இளையவர் தன் பக்கக் கதவை மெதுவாக இழுத்துச் சாத்தினார்.

"உள்ள போனா கண்டுபிடிச்சுடுவாங்கடா. மறுபடி அடைச்சிருக்குன்னு சொல்வாங்க. நீ கார் ஓட்டக்கூடாதுன்னு சொல்வாங்க. ஓட்டாம நான் என்ன பண்ணுவேன்? மாடிக்கு வந்து உன்கூட ஓரம் அடிக்கவா?" சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "எப்படியும் போகப்போறோம், வாய்க்கு ருசியாச் சாப்பிட்டுட்டுப் போவோம்னுதான் சாப்பிட்டேன். எதுவும் ருசிக்கலை, அது வேற விஷயம்."

"அண்ணா..."

"இன்னிக்குப் பாப்பா சொன்னா பாரு, நல்ல நீளம்னு. ஒரு நிமிஷம், சத்தியமாச் சொல்றேன்டா, அது என் ரத்தம்தான்னு நானே நம்பிட்டேன். உன்னை அனுப்பினதே மறந்துபோச்சு. அப்பாடா, எனக்கு ஒண்ணும் இல்லைன்னு நினைச்சேன். அந்தச் சந்தோஷத்துலதான் அவ்வளவு பேசிட்டேன். உங்க அண்ணி முகத்தைப் பார்த்தியா? பாத்திரத்தையெல்லாம் மூடினாளே."

அவர் நெற்றி முழுக்க வேர்வை. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மரநிழலில், காற்று வருகிற நேரத்தில். இளையவரின் தலைக்குள் இருந்த பஞ்செல்லாம் யாரோ பிடுங்கி எறிந்தது போல ஒரே நொடியில் காலியாயிற்று. இவ்வளவு தெளிவாக அவர் எதையும் பார்த்ததில்லை. அண்ணனின் உதடு வெளுத்திருந்தது.

"இப்போ வலிக்குதா?"

மூத்தவர் இடது கையை உதறிவிட்டு மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"அண்ணா, இப்போ வலிக்குதான்னு கேட்டேன்."

"இடது கை கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கு" என்றார் மூத்தவர், யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வது போல.

கூட்டத்தில் குரல் எழும்பாத மனுஷன், தெருவே ஜன்னலைத் திறக்கிற மாதிரி கத்தினார். "பாப்பா! அண்ணி!"

பாப்பா வந்தாள், பார்த்தாள், ஒரு கேள்வி கேட்கவில்லை. உள்ளே ஓடி நெஞ்சுவலி மாத்திரையை எடுத்துவந்து அப்பாவின் நாக்குக்கு அடியில் வைத்தாள். "ஸ்டியரிங்கை விடுங்க அப்பா" என்றாள். அவர் விடவில்லை. அண்ணி வந்து விரல் விரலாகப் பிரித்து எடுத்தார். இருவருமாக அவரைப் பின்னால் உட்காரவைத்தார்கள், ஒரு பக்கம் அண்ணி, ஒரு பக்கம் இளையவர். பாப்பா வண்டியை எடுத்தாள். போகிற வழியிலேயே போனில் ஆஸ்பத்திரிக்குச் சொன்னாள்.

தெருக்கள் கண்ணாடிக்கு வெளியே வழிந்து போயின. எல்லாக் கடைகளும், எல்லா மனிதர்களும், கைக்குழந்தையோடு சாலையைக் கடக்கக் காத்திருந்த ஒருத்தியும், அப்படி அப்படியே வெயிலில் மிதந்துகொண்டிருந்தார்கள். மூத்தவரின் தலை தம்பியின் தோளில் சாய்ந்திருந்தது. "கியரை மாத்தும்மா" என்று ஒரு தடவை முனகினார். அண்ணி அவர் வாயைப் பொத்தினார்.

"நான் திட்டலைங்க" என்றார் அண்ணி. "என்ன வேணும்னாலும் சமைச்சுத் தர்றேன். நீங்க பேசாம மூச்சு விடுங்க, அது போதும்."

"கீரை வை" என்றார் மூத்தவர். "நிஜமாத்தான்."

அண்ணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அவசரப் பிரிவின் வாசலில் படி கிடையாது. சரிவுதான். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கதவு. அதற்கு வெளியே பாப்பா பெரிய டாக்டரோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள். பேசுவது கேட்கவில்லை. அவள் கையைக் கட்டிக்கொள்ளவில்லை, தலையைக் குனியவில்லை, நேராகப் பார்த்துச் சொன்னாள். எதைச் சொல்கிறாள் என்று இளையவருக்குத் தெரியும். ஒரு இடத்தில் பெரிய டாக்டர் சட்டென்று கதவுப் பக்கம் திரும்பி அண்ணன் தம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. 'பாப்பாவோட வேலையை நானே காலி பண்ணிட்டேனே' என்று இளையவர் மனசு அடித்துக்கொண்டது.

அதற்குள் ஒரு நர்ஸ் தட்டோடு வந்தாள். சின்னப் பெண். பஞ்சு, ஊசி, ரத்தம் பிடிக்கிற குழாய்கள். கட்டிலில் ஒருவர் உட்கார்ந்த வாக்கில் சாய்ந்திருக்கிறார். விளிம்பில் அவரைத் தாங்கிக்கொண்டு இன்னொருவர். இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே நரை, வேர்வையில் நனைந்த ஒரே முகம். அவசரத்தில் அவளுக்கு ஒயர் எங்கே போகிறது என்று கவனிக்கத் தோன்றவில்லை.

"இதுல யாருக்குங்க ரத்தம் எடுக்கணும்?"

ஒரு வாழ்நாள் பழக்கம் லேசில் போய்விடுமா? இளையவரின் கை தானாகவே சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தது. எல்லா உண்மையும் தெரிந்த பிறகும், அது தப்பு என்று தெரிந்தும், அந்த ஊசி அண்ணனுக்குப் போகக்கூடாது என்றுதான் அந்தக் கை நினைத்தது. அந்த நிமிஷத்தில் அண்ணனுக்குப் பதிலாக ரத்தத்தை மட்டுமில்லை, நெஞ்சையே கழற்றிக் கொடுக்கச் சொன்னாலும் கொடுத்திருப்பார்.

ஒரு கை வந்து அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கியது. சில்லென்ற கை. பிடியில் பலமே இல்லை.

"நான்தான்மா" என்றார் மூத்தவர். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வலது கையை அவளிடம் நீட்டினார். "இவன் இல்லை. நான்."